பையன்களுக்கான அமெரிக்க ஃபுட்பால் சாம்பியன்ஷிப் எங்கே, எப்போது தொடங்கியது?

நாலாவது_டவுன் (கேள்வி)

அக்கா குடும்பம் பிலடெல்ஃபியா பக்கம் இருக்கிறது. அவள் பையன் அங்கே பாப் வார்னர் லீக் என்று ஒன்றில் ஆடுகிறான். நம் ஊர் ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். வீடியோ காலில் எப்போது பேசினாலும் ரீஜனல்ஸ், நேஷனல்ஸ் என்று அதே பேச்சு. எனக்கு என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக் ஓரளவு தெரியும், கல்லூரி ஆட்டமும் கொஞ்சம் பார்ப்பேன். ஆனால் சின்னப் பையன்கள், பள்ளிப் பையன்கள், இருபதைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற ஜூனியர்கள், இவர்கள் ஆடுகிற ஆட்டத்தில் 'தேசிய சாம்பியன்' என்று யாரை, எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள்? தேடினால் ஒரு இடத்தில் 1902 என்கிறது, இன்னொரு இடத்தில் 1947, கனடாக்காரர்களோ 1925 என்கிறார்கள். காசு வாங்காமல் ஆடுகிற பையன்கள் கதை மட்டும் போதும், என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பவுலை யாரும் இழுத்துக்கொண்டு வர வேண்டாம் :)

கெஜக்கணக்கு

மூன்று வருஷமுமே சரிதான் தம்பி, ஆனால் மூன்றும் வேறு வேறு வயசு, வேறு வேறு போட்டி. 1902ஐ நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்த கதை அது.

அந்தக் காலத்தில் ஃபுட்பால் என்றால் கிழக்குக் கரைதான். யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் மூன்றும் வைத்ததுதான் சட்டம். சிக்காகோ, மிச்சிகன் பக்கத்து ஆட்டத்தை அவர்கள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. கல்லூரிகளுக்கு நடுவே இருந்த இந்த வீம்பு அப்படியே பள்ளிகளுக்கும் இறங்கியது. 1902 டிசம்பர் 6 அன்று புரூக்ளின் பாலிடெக்னிக் பிரெப் என்ற நியூயார்க் பள்ளி சிக்காகோவுக்கு வந்து ஹைட் பார்க் பள்ளியோடு மோதியது. பந்தயம் என்ன என்றால், எந்தப் பக்கத்துப் பையன்கள் உசத்தி என்பதுதான். ஹைட் பார்க் ஜெயித்தது, ஸ்கோர் 105-0. அச்சுப்பிழை இல்லை, நூற்றி ஐந்துதான்.

அந்த நாள் விதிகளை வைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச் டவுன், அதற்கு அப்போது 5 புள்ளி, அதன் பிறகு உதைத்து உள்ளே அனுப்பினால் இன்னும் 1. இன்றைய 6 புள்ளி 1912ல் வந்தது. பந்தை முன்னோக்கி எறியவே கூடாது, அதற்கு அனுமதி 1906ல்தான். மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும், ஆகவே எல்லோரும் ஒரே கும்பலாக நெருக்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கமான ஆட்டம். அப்படித் தள்ளுமுள்ளு ஆடிய காலத்தில் 105 எடுக்க வேண்டும் என்றால், எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் குறைந்தது பதினெட்டு தடவையாவது புள்ளி விழுந்திருக்க வேண்டும். எதிரணி பந்தைக் கையில் வைத்திருந்த நேரம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஹைட் பார்க் அணியின் குவாட்டர்பேக், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துகிறவர், வால்ட்டர் எக்கர்சால். மெலிந்த உடம்பு, ஓட்டம் பயங்கரம், உதை அதைவிடப் பயங்கரம். சாம் ரான்சம் என்ற கறுப்பின மாணவரும் அந்த அணியின் பெரிய நட்சத்திரம், இதை அந்தக் காலத்துச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டாம் ஹாம்மண்ட் என்று இன்னொருவர். சிக்காகோ பல்கலைக்கழகக் கோச் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக், மிச்சிகன் கோச் ஃபீல்டிங் யோஸ்ட், இருவருக்குமே இந்தப் பையன்கள் மேல் ஒரு கண். கடைசியில் ஹாம்மண்ட் மிச்சிகனுக்குப் போனார், எக்கர்சாலை ஸ்டாக் பிடித்துக்கொண்டார். 1905 நவம்பர் 30 அன்று சிக்காகோ 2-0 என்று மிச்சிகனை வீழ்த்தி, 56 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அணியின் ஓட்டத்தை நிறுத்தியதே, அப்போது பழைய பள்ளித் தோழர்கள் இருவரும் எதிரெதிர் அணியில்.

1903ல் மறுபடி ஒன்று நடந்தது. இந்தத் தடவை சிக்காகோவின் நார்த் டிவிஷன் பள்ளி, புரூக்ளின் பாய்ஸ் ஹையை 75-0 என்று அனுப்பி வைத்தது. அதில் ஆடிய வால்ட்டர் ஸ்டெஃபனும் பிறகு ஸ்டாகிடம்தான் போய்ச் சேர்ந்தார்.

சரி, இதைத் தேசிய சாம்பியன்ஷிப் என்று சொல்லலாமா? சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சுற்று இல்லை, தகுதி ஆட்டம் இல்லை, நடத்த ஒரு சங்கம்கூட இல்லை. இரண்டு ஊர் பேசி வைத்து ஆடியது, ஜெயித்தவன் தன்னை நாட்டுக்கே சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டது. என்னைக் கேட்டால் சாம்பியன்ஷிப் என்பதற்கு இது மிகவும் தளர்வான கணக்கு.

சும்மா_வந்தவன்

105-0க்கு அப்புறமும் அடுத்த வருஷம் இன்னொரு புரூக்ளின் பள்ளி டிக்கெட் எடுத்து வந்ததே, அந்தத் தைரியத்துக்கு ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம்.

பழைய_ஸ்கோர்போர்டு

கேள்வி கேட்டவர் வீட்டுப் பையன் ஆடுவது பாப் வார்னர் என்பதால் 1947 கதை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அதற்கு 1929க்குப் போக வேண்டும்.

பிலடெல்ஃபியாவின் வடகிழக்கில் ஒரு தொழிற்சாலை. சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் காலி மனை, அங்கே கூடுகிற பையன்கள் கல்லெறிந்து ஒரே மாதத்தில் நூற்றுக்கு மேல் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். முதலாளி தன் நண்பர் ஜோ டாம்லினிடம் புலம்பினார். டாம்லின் இளைஞர், தானே விளையாட்டுக்காரர். போலீஸ், வேலி என்று போகாமல், சுற்றியிருக்கிற ஆலை முதலாளிகள் சேர்ந்து காசு போட்டு இந்தப் பையன்களுக்கு ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்யலாம் என்றார். இலையுதிர் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, அதனால் ஃபுட்பால். பேஸ்பால் சீசனில் கண்ணாடி உடைந்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்! அந்த வருஷம் நான்கு அணிகளோடு ஜூனியர் ஃபுட்பால் கான்ஃபரன்ஸ் தொடங்கியது. பொருளாதாரம் சரிந்த வருஷம் அது என்பதையும் நினைவில் வையுங்கள். வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை, தெருவில் சுற்றும் பையன்கள் நிறைய. 1933க்குள் 16 அணி ஆகிவிட்டது.

பாப் வார்னர் இதற்குள் வந்தது 1934ல். கிளென் வார்னர் அப்போதே பெரிய பெயர். கார்லைல் பழங்குடி மாணவர் பள்ளியில் ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப்புக்குக் கோச்சாக இருந்தவர், பிட்ஸ்பர்க், ஸ்டான்ஃபோர்டு எல்லாம் பார்த்துவிட்டு பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார். 'பாப்' என்பது கார்னெல்லில் படிக்கும்போது கூட ஆடியவர்களைவிட வயதில் மூத்தவராக இருந்ததால் வந்த பட்டப்பெயர். டாம்லின் தன் பையன்களுக்கு ஒரு பயிற்சி முகாம் வைத்தார், 1934 ஏப்ரல் 19 இரவு. சுற்றுவட்டாரத்திலிருந்து ஒரு டஜன் கல்லூரிக் கோச்சுகள் வந்து பேசுவதாக ஏற்பாடு. அன்று பார்த்து பலத்த காற்று, பனிக்கட்டி மழை. வருவதாகச் சொன்னவர்களில் வந்து சேர்ந்தவர் வார்னர் ஒருவர்தான். வயது 63. இரண்டு மணி நேரம் நின்று பேசினார், கூட்டத்தில் இருந்தவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அன்று இரவே கான்ஃபரன்ஸுக்கு அவர் பெயரை வைக்க முடிவாகிவிட்டது. வார்னர் இதைத் தொடங்கினார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அது தப்பு. தொடங்கியது டாம்லின், வார்னர் பெயர் கொடுத்தவர். டாம்லின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது என்பது எனக்கு எப்போதுமே ஒரு குறை.

1938ல் 157 அணிகள். அப்புறம் போர் வந்தது, 42 ஆகச் சுருங்கியது. அதுவரை ஆடியவர்களின் சராசரி வயது பதினைந்துக்கு மேல், அதாவது பெரிய பையன்கள். போருக்குப் பிறகுதான் இன்னும் சின்னப் பையன்களின் பிரிவு சூடு பிடித்தது. 1947 டிசம்பர் 27 அன்று பிலடெல்ஃபியாவில் இந்தப் பொடியன்களுக்கென்றே ஒரு பவுல் ஆட்டம், அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம், வைத்தார்கள். தரையில் ஆறு அங்குலம் பனி, பார்க்க வந்தவர்கள் சுமார் 2,000 பேர். உள்ளூர் அணி கிளிக்கெட்ஸ், செலவு பார்த்தவர் பிலடெல்ஃபியா உணவக முதலாளி ஃபிராங்க் பலும்போ. நியூயார்க்கிலிருந்து வந்த அணி சைக்ளோன்ஸ், அதன் செலவு யாருடையது தெரியுமா, பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. கிளிக்கெட்ஸ் 6-0. கணுக்காலுக்கு மேல் பனி கிடக்கிற தரையில் சின்னப் பையன்கள் ஒரே ஒரு டச் டவுனாவது போட்டார்களே என்பதே பெரிய விஷயம்.

இதுவும் மேலே அண்ணன் சொன்ன மாதிரி அழைப்பு ஆட்டம்தான், நாடு முழுக்கச் சுற்று நடத்தி இறுதிக்கு வந்த அணிகள் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: பின்னால் ஒரு நிலையான லீக் இருந்தது. 1959ல் அது பாப் வார்னர் லிட்டில் ஸ்காலர்ஸ் என்று லாப நோக்கமில்லாத தேசிய அமைப்பாகப் பதிவானது. உங்கள் அக்கா பையன் சொல்லும் நேஷனல்ஸ் அந்த அமைப்புக்குப் பிறகு வளர்ந்தது. பெயரில் 'ஸ்காலர்ஸ்' சும்மா இல்லை, மதிப்பெண் ஒழுங்காக இல்லாவிட்டால் மைதானத்தில் இறங்க முடியாது. அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், மார்க் ஷீட் கொடுத்திருப்பார்.

இன்னொன்று, வயது-எடை அட்டவணை. பல பத்தாண்டுகள் இந்த அமைப்பின் அடையாளமே அதுவாகத்தான் இருந்தது. இந்த வயசு என்றால் இத்தனை பவுண்டுக்குள் இருக்க வேண்டும், ஒரு வயசு கூடுதலான பையன் கீழ்ப் பிரிவில் ஆட வேண்டுமானால் எடை இன்னும் குறைவாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் வரிசையில் நின்று எடை மெஷினில் ஏறுவான்கள், முள் கோட்டைத் தாண்டினால் அன்றைக்கு வெளியேதான். 45 கிலோ பையன் மேல் 70 கிலோ பையன் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் போட்ட விதி. சாம்பியன்ஷிப்பைவிட எனக்கு இதுதான் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது, ஒரே பிரிவில் இருப்பவர்கள் ஓரளவு சமமானவர்கள் என்ற உத்தரவாதம் இல்லாமல் யாரை எதில் சாம்பியன் என்பது?

பனிமைதானம்

நீங்கள் இருவரும் சொன்னதைப் படித்தால் ஒன்று தெளிவு, முறையான ஜூனியர் தேசியக் கோப்பை என்று எடுத்துக்கொண்டால் கனடாதான் முந்தி. டொராண்டோவில் இருக்கிறேன் என்பதால் சொல்லவில்லை :)

கனடா ஆட்டம் கொஞ்சம் வேறு. ஒரு பக்கம் 12 பேர், மைதானம் 110 கெஜம், முயற்சி மூன்றுதான். இங்கே பெரியவர்கள் ஆட்டமே அப்போது அமெச்சூர்தான். 1909ல் கவர்னர் ஜெனரல் ஏர்ல் கிரே கொடுத்த கிரே கோப்பை அமெச்சூர் சாம்பியனுக்கானது. முதலில் அதை ஹாக்கிக்குக் கொடுக்க நினைத்திருந்தார், ஹாக்கிக்கு ஆலன் கோப்பை என்று வேறொருவருடையது முந்திக்கொண்டதால் ஃபுட்பாலுக்கு வந்தது. அமெரிக்காவில் கிழக்கு-மேற்கு வீம்பு என்று சொன்னீர்களே, இங்கேயும் அதே கதைதான், ஆனால் அடி வாங்கியது மேற்கு. 1921ல் எட்மன்டன் அணி முதல்முறையாகக் கிரே கோப்பை இறுதிக்கு வந்து டொராண்டோ ஆர்கோநாட்ஸிடம் 23-0 என்று தோற்றது. 1923ல் ரெஜைனா வந்தது, குவீன்ஸ் பல்கலைக்கழகம் 54-0 என்று திருப்பி அனுப்பியது. சஸ்காச்சுவான் சமவெளியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து வாங்கிக்கொண்டு போன அடி.

இரண்டு வருஷம் கழித்து, 1925ல், அதே ரெஜைனாவின் லீடர்-போஸ்ட் பத்திரிகையின் பெயரில் தேசிய ஜூனியர் சாம்பியனுக்கு ஒரு கோப்பை வந்தது. அதற்கு முன்பும் ஒன்டாரியோவில் ஜூனியர் பிரிவு ஆட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் கிழக்கும் மேற்கும் ஒரே கோப்பைக்காக மோத ஒரு நிலையான வழி இதனால் கிடைத்தது. பெரியவர்களை வைத்து ஜெயிக்க முடியவில்லை, பையன்களிலிருந்து ஆரம்பிப்போம் என்று ரெஜைனா நினைத்தது போல எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான், ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

1928ல் ரெஜைனா பாட்ஸ் ஜூனியர் பட்டத்தை வென்றது. பெரியவர்கள் பிரிவில் மேற்குக்கு முதல் கிரே கோப்பை கிடைக்க 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அந்த வருஷம் வின்னிபெக் 18-12 என்று ஹாமில்டனை வென்றது. அதாவது பையன்கள் ஏழு வருஷம் முன்னாலேயே காரியத்தை முடித்துவிட்டார்கள். அந்த பாட்ஸ் அணியின் கோச் ஆல் ரிட்சி. இந்த மனிதர் ஒரு தனி ரகம். ஹாக்கியிலும் அதே பாட்ஸ் பெயரில் ஆடிய ஜூனியர் அணியை மெமோரியல் கோப்பைக்கு, அதாவது ஜூனியர் ஹாக்கியின் தேசியக் கோப்பைக்கு, கொண்டுபோனவர், ஃபுட்பால், ஹாக்கி இரண்டிலும் தேசிய ஜூனியர் பட்டம் வென்றவர் அவர். கோடை முடிந்தால் ஒரு பந்து, மைதானம் உறைந்தால் இன்னொரு விளையாட்டு, பாதிப் பையன்கள் இரண்டிலும் இருப்பார்கள். பெரியவர்கள் அணியான ரஃப்ரைடர்ஸை 1929 முதல் 1932 வரை தொடர்ந்து நான்கு கிரே கோப்பை இறுதிக்கு அழைத்துப் போனதும் இவர்தான், நான்கிலும் தோல்வி. பையன்களோடு கிடைத்தது பெரியவர்களோடு கிடைக்கவில்லை பாவம்.

அப்புறம் கதை வேகமாகப் போய்விடும். 1947ல் சஸ்கட்டூன் ஹில்டாப்ஸ் ஜூனியர் அணியாக வந்தது, 1953ல் முதல் பட்டம். எட்மன்டன் ஹஸ்கீஸ் 1962 முதல் 1964 வரை மூன்று. கார்டன் கரி என்ற பள்ளி ஆசிரியர் ரெஜைனா ராம்ஸைத் தூக்கி நிறுத்தினார், 1966க்கும் 1976க்கும் நடுவே ஆறு பட்டம். ஜூனியர் லீக்குகள் எல்லாம் சேர்ந்து கனடியன் ஜூனியர் ஃபுட்பால் லீக் ஆனது 1974ல். ஆடுகிறவர்கள் 22 வயசு வரை இருக்கலாம், ஆகவே இதையும் பாப் வார்னர் பொடியன்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நாலாவது_டவுன்

ஆல் ரிட்சி கதை எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நன்றி அண்ணா. ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கனடாவில் 1925லேயே ஒரு கோப்பை, அமெரிக்கச் சின்னப் பையன்களுக்கும் பிறகு ஒன்று வந்துவிட்டது. அப்படியானால் அமெரிக்கப் பள்ளிகளுக்கு, அதுதானே அங்கே பெரிய கூட்டம் சேரும் ஆட்டம், 1903க்குப் பிறகு ஏன் ஒரு தேசியப் போட்டி உருப்படியாக வரவில்லை? முயற்சி செய்யவே இல்லையா?

கெஜக்கணக்கு

முயற்சி இல்லாமலா? முதலில் 1905. அந்த ஒரு சீசனில் 18 பேர் களத்தில் அடிபட்டு இறந்ததாகப் பத்திரிகைகள் பட்டியல் போட்டன, அதில் பெரும்பாலோர் பள்ளிப் பையன்கள், கல்லூரிக்காரர்கள் கொஞ்சம்தான். ஆனால் பேச்செல்லாம் கல்லூரி ஆட்டத்தைப் பற்றியே நடந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார், 1906ல் விதிகள் மாறின, கும்பல் தள்ளு குறைந்தது, முன்னால் எறிவது வந்தது. அந்தப் பயம் கொஞ்சம் தணிந்த பிறகு பள்ளிகள் மறுபடி ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கின.

உதாரணம் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட். மரம் அறுக்கும் ஆலைகள் நிறைந்த சின்ன ஊர். கோச் ஈனாக் பேக்ஷா. 1920 ஜனவரி 1 அன்று ஓஹாயோவின் டொலிடோ ஸ்காட் பள்ளியோடு 7-7 என்று சமன். அடுத்த புத்தாண்டில் கிளீவ்லாண்டின் ஈஸ்ட் டெக்கை 16-7 என்று வென்று தேசிய சாம்பியன் என்று சொல்லிக்கொண்டார்கள். உடனே பேக்ஷாவை வாஷிங்டன் பல்கலைக்கழகம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் மேலே சொன்ன ஸ்டாக்-யோஸ்ட் கதைதான், ஆட்கள் மட்டும் மாறினார்கள். பள்ளிப் போட்டி எங்கே பெரிதானாலும் பின்னால் ஒரு கல்லூரியோ, டிக்கெட் விற்கிற ஆளோ நின்றுகொண்டிருப்பார்.

இதைப் பார்த்துத்தான் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் விழித்துக்கொண்டன. 1920ல் சிக்காகோவில் கூடி ஒரு தேசியக் கூட்டமைப்பின் விதையைப் போட்டார்கள். அவர்கள் முதல் கவலையே, பள்ளிப் பையன்களை வைத்து வெளியாட்கள் போட்டி நடத்துவதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான். மாநிலம் விட்டு மாநிலம் போய் ஆடுவது, தேசிய சாம்பியன் பட்டம், இரண்டையும் அவர்கள் விரும்பவில்லை. படிப்பு கெடும், பையன்கள் ரயிலிலேயே பாதி டிசம்பரைக் கழிப்பார்கள் என்றார்கள். அது நியாயமான கவலை. கட்டுப்பாடு தங்கள் கையை விட்டுப் போகும் என்ற பயமும் சேர்ந்தே இருந்திருக்கும், சங்கம் என்றால் எங்கேயும் அப்படித்தானே.

அப்படியும் ஆசை அடங்கவில்லை. 1937 நவம்பர் 27 அன்று சிக்காகோ சோல்ஜர் ஃபீல்டில் ஆஸ்டின் பள்ளியும் லியோ பள்ளியும் ஆடியதைப் பார்க்கச் சுமார் 1,20,000 பேர் வந்ததாகக் கணக்கு. வெறும் ஊர்ப் பட்டம் அது, அரசுப் பள்ளிச் சாம்பியனுக்கும் கத்தோலிக்கப் பள்ளிச் சாம்பியனுக்கும் நடுவே, மேயர் கெல்லியின் கிறிஸ்துமஸ் நிதிக்காக. ஆஸ்டினின் பில் டிகாரவாண்ட் என்ற ஓட்டக்காரப் பையனைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம். 26-0.

தேசிய அளவில் கடைசியாகப் பெரிதாகப் பேசப்பட்டது 1939 கிறிஸ்துமஸ் இரவு, மயாமி. நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு, ஆலைத் தொழிலாளிகளின் ஊர், குடியேறிகளின் பிள்ளைகள். எதிரே மயாமி ஹை. இளம்பிள்ளை வாத நிதிக்காக நடந்த ஆட்டம் என்பதால் ஹெல்த் பவுல் என்று பெயர். 13-13 என்று இருந்ததை பென்னி பபுலா ஒரு ஃபீல்ட் கோலால் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி) உடைத்து 16-13 ஆக்கினார். பள்ளி ஆட்டத்தில் அந்தக் காலத்தில் ஃபீல்ட் கோல் அடித்து ஜெயிப்பது என்பது சாதாரணம் இல்லை.

அதன் பிறகு கூட்டமைப்பின் பிடி இறுகிவிட்டது. இன்றுவரை அங்கே பள்ளிகளுக்கு அதிகாரபூர்வமான தேசிய இறுதிப் போட்டி கிடையாது. பத்திரிகைகளும் இணையதளங்களும் தரவரிசை போடும், முதல் இடம் பிடித்த பள்ளி பேனர் தொங்கவிட்டுக்கொள்ளும். இரண்டு பட்டியலில் இரண்டு வேறு பள்ளிகள் முதலிடத்தில் இருக்கிற வருஷத்தில் இரண்டு ஊரிலும் பேனர் தொங்கும்.

சும்மா_வந்தவன்

அப்போ அந்த ஃபீல்ட் கோல் அடிச்ச பபுலாதான் நிஜமான கடைசி சாம்பியன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கெஜக்கணக்கு

மயாமிக்காரர்கள் யாராவது இந்தப் பக்கம் வராத வரைக்கும்.